ஜிடபிள்யூ150914-க்கு 0.4 விநாடி கழித்து வந்த காமா மினுக்கு: ஈர்ப்பு அலையே ஒளியாக மாறியிருக்குமா?

2015 செப்டம்பர் 14, உலகப் பொது நேரம் 09:50:45. ஈர்ப்பு அலைகளை, அதாவது வெளியையே நீட்டிச் சுருக்கிச் செல்லும் அலைகளை, உணரும் லைகோ கருவிகள் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் உள்ளன. லிவிங்ஸ்டனில் உள்ள கருவியும், சுமார் 7 மில்லிவிநாடி கழித்து ஹான்ஃபோர்டில் உள்ள கருவியும் ஒரே அலையைப் பதிவு செய்தன. அந்த நிகழ்வின் பெயர்தான் ஜிடபிள்யூ150914. சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் ஒன்றாகி, 62 மடங்கு நிறையுள்ள ஒன்று எஞ்சியது. மீதி 3 சூரிய நிறை முழுவதும் ஈர்ப்பு அலையாகப் போய்விட்டது. அலை 35 ஹெர்ட்ஸில் தொடங்கி 250 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. உச்சத்தில் அதன் வீச்சு, அதாவது நீளங்கள் மாறும் பங்கு, 10⁻²¹. தொலைவு ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டு.

ஃபெர்மி விண்கலத்தின் காமா கதிர் வெடிப்புக் கண்காணிப்பி (ஜிபிஎம்), அதற்கு 0.4 விநாடி கழித்து, 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஒரு மங்கலான மினுக்கைக் கண்டது. அது சுமார் ஒரு விநாடி நீடித்தது. தற்செயலாக இப்படி அமையும் வாய்ப்பு 0.0022 என்று ஜிபிஎம் குழு கணக்கிட்டது. அந்த மினுக்கு இந்த இணைப்பிலிருந்துதான் வந்தது என்றால், மூலத்தில் அதன் ஒளித்திறன் விநாடிக்கு 1.8 × 10⁴⁹ எர்க், அதாவது 1.8 × 10⁴² வாட். ஆனால் காமா கதிர்களைப் பார்க்கும் இன்னொரு விண்கலமான இன்டெக்ரல் அதே நேரத்தில் எதையும் காணவில்லை. பின்னணி இரைச்சலே போதுமான விளக்கம் என்று வாதிட்ட தனி ஆய்வும் வந்தது.

மினுக்கு உண்மையா இல்லையா என்ற வழக்கை இங்கே திறக்கவில்லை. அது உண்மையென்றே வைத்துக்கொண்டு, பலரும் அப்போது கேட்ட கேள்வியைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். வெறும் இரண்டு கருந்துளைகள் இணைந்தால் ஒளி வர வழியில்லை. அப்படியானால் ஈர்ப்பு அலை அங்கிருந்த மின்னூட்டத் துகள்களையும் காந்தப்புலத்தையும் தொட்டு, தானே மின்காந்த அலையாக மாறியிருக்கலாமா? இந்தக் கணக்கில் எண்களைவிட, அவற்றை எந்த இடத்தில் பொருத்துகிறோம் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

மின்னூட்டம் மட்டும் போதாது

முடுக்கம் பெறும் மின்னூட்டம் கதிர் வீசும். ஈர்ப்பு அலை துகள்களை அசைக்கும். ஆகவே பிளாஸ்மா (எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து கிடக்கும் வளிமம்) வழியே ஈர்ப்பு அலை போனால் ஒளி வரும். கேட்பதற்குச் சரியாக இருக்கும் இந்த வாதம் தவறு. ஈர்ப்பு, நிறையைப் பார்த்து ஆளுக்கொரு முடுக்கம் தருவதில்லை. எலக்ட்ரானும் அதைவிட 1836 மடங்கு கனமான புரோட்டானும் ஒரே மாதிரிதான் விழும். அமைதியாக, சீராகப் பரவியிருக்கும் பிளாஸ்மாவில் இரண்டும் சேர்ந்தே ஆடுவதால் நேர், எதிர் மின்னூட்டங்கள் பிரிவதில்லை. நிகர மின்னோட்டமும் எழுவதில்லை. முதல் நிலைக் கணக்கில் கதிர்வீச்சு பூஜ்யம்.

ஈர்ப்பு அலை எதையாவது பற்றிக்கொள்ள வேண்டுமென்றால், அங்கே ஏற்கெனவே ஒரு மின்புலமோ காந்தப்புலமோ இருக்க வேண்டும். 1962-இல் சோவியத் இயற்பியலாளர் கெர்ட்சன்ஷ்டைன் காட்டியது இதைத்தான். ஒரு நிலையான காந்தப்புலத்தைக் குறுக்காகக் கடக்கும் ஈர்ப்பு அலை, வெளியை நீட்டியும் சுருக்கியும் போகும்போது புலக்கோடுகளும் சேர்ந்து நெருங்கி விலகுகின்றன. காந்தப்புலத்தில் ஒரு சிறு பங்கு, அலையின் வீச்சு எவ்வளவோ அவ்வளவு, அலையின் அதிர்வெண்ணிலேயே ஆடத் தொடங்கும். மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் இந்த ஆட்டம் ஒரு மின்னோட்டத்தைப் போலவே இடம்பெறுகிறது. அதிலிருந்து பிறக்கும் மின்காந்த அலை, ஈர்ப்பு அலையின் திசையிலேயே, அதே வேகத்தில் ஓடுகிறது. இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து ஓடுவதால் ஒவ்வொரு மீட்டரிலும் பிறக்கும் புதிய அலை முந்தையதோடு கூடிக்கொண்டே போகும். வீச்சு நீளத்துக்கு ஏற்ப வளரும். ஆற்றல் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும்.

நடைமுறைக்கு உதவும் வடிவம் இது:

மாறும் ஆற்றல் பங்கு = 8.26 × 10⁻³⁸ × (காந்தப்புலம் × நீளம்)²

காந்தப்புலம் டெஸ்லாவில், நீளம் மீட்டரில். புலத்தில் அலையின் திசைக்குச் செங்குத்தான பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். அலையின் திசையிலேயே கிடக்கும் புலம் ஒன்றும் தராது. முன்னால் நிற்கும் எண், ஈர்ப்பு மாறிலியை ஒளிவேகத்தின் நான்காம் அடுக்கால் வகுத்து 10⁷-ஆல் பெருக்கினால் கிடைப்பது. காஸ் அலகில் எழுதப்பட்ட சமன்பாட்டில் டெஸ்லாவைப் போட்டுவிட்டால் விடை பல கோடி மடங்கு பிசகும். இந்த விளைவைப் பற்றிய கணக்குகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது அலகைத்தான்.

மூலத்தில் எவ்வளவு காந்தப்புலம் தேவைப்பட்டிருக்கும்?

ஜிடபிள்யூ150914-இன் உச்சத் திறன் 3.6 × 10⁴⁹ வாட். மினுக்குக்குத் தேவையானது 1.8 × 10⁴² வாட். ஆக, இரண்டு கோடியில் ஒரு பங்கு, அதாவது 5 × 10⁻⁸ மாறினால் போதும். சின்னப் பங்குதானே என்று தோன்றும்.

சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் காந்தப்புலம் × நீளம் = 7.8 × 10¹⁴ டெஸ்லா மீட்டர் வருகிறது. கருந்துளைகளைச் சுற்றி 1000 கிலோமீட்டர் அளவுள்ள பகுதியை எடுத்தால், அது முழுவதும் சுமார் 8 × 10⁸ டெஸ்லா புலம் நிரம்பியிருக்க வேண்டும். சாதாரணப் பல்சார் (சுழலும் நியூட்ரான் விண்மீன்) ஒன்றின் மேற்பரப்பில் 10⁸ டெஸ்லா அளவுக்கு இருக்கும். அதுவும் 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள். இங்கே அதைவிட எட்டு மடங்கு புலம் ஆயிரம் கிலோமீட்டருக்கு நிறைந்து நிற்க வேண்டும்.

இந்தப் புலத்திலேயே எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கும் என்பதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 1000 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்தில் அது சுமார் 10⁴² ஜூல். மினுக்கு ஒரு விநாடியில் வீசியதாகச் சொல்லப்படும் ஆற்றலும் அதே அளவுதான். அப்படியொரு புலம் அங்கே இருந்திருந்தால், ஈர்ப்பு அலையைத் துணைக்கு அழைக்கவே தேவையில்லை. புலம் குலைந்தாலே மினுக்கு கிடைத்துவிடும். பகுதியைப் பெரிதாக்கினால் தேவையான புலம் குறையும், ஆனால் மொத்தக் காந்த ஆற்றல் நீளத்துக்கு ஏற்பக் கூடும். பத்து லட்சம் கிலோமீட்டருக்குப் பரப்பினால் 10⁴⁵ ஜூல் வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு மோசமாகவே போகிறது. தவிர, கருந்துளை தானாகக் காந்தப்புலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. சுற்றிலும் வளிமத் தட்டு இருந்து புலத்தை அழுத்தி நிறுத்த வேண்டும்.

அதிர்வெண் மாறாது

இந்த வழக்கை ஒரே அடியில் முடிப்பது இதுதான். நிலையான காந்தப்புலம் ஈர்ப்பு அலையை ஒளியாக்கும்போது அதிர்வெண்ணைத் தொடுவதில்லை. 200 ஹெர்ட்ஸ் ஈர்ப்பு அலை 200 ஹெர்ட்ஸ் மின்காந்த அலையாகத்தான் வரும். 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிரின் அதிர்வெண் 1.2 × 10¹⁹ ஹெர்ட்ஸ். நடுவே 6 × 10¹⁶ மடங்கு இடைவெளி. நேரடி மாற்றம் காமா கதிர் தருவதில்லை.

சரி, 200 ஹெர்ட்ஸ் அலையாவது நம்மை வந்து சேருமா என்றால், அதுவும் இல்லை. பிளாஸ்மா தன் இயல்பு அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள மின்காந்த அலைகளை உள்ளே விடாது. கிலோஹெர்ட்ஸில் அந்த எல்லை, ஒரு கன சென்டிமீட்டருக்கான எலக்ட்ரான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் வரும். நம் பால்வீதியின் விண்மீன்களுக்கிடையே, கன சென்டிமீட்டருக்கு 0.03 எலக்ட்ரான் என்று வைத்தால், 1.6 கிலோஹெர்ட்ஸ். வாயேஜர் 1 சூரிய மண்டல எல்லையைத் தாண்டிய பிறகு 2.6 கிலோஹெர்ட்ஸில் பிளாஸ்மா அதிர்வை நேரடியாகவே பதிவு செய்தது; அது 0.08 எலக்ட்ரான் அடர்த்திக்குச் சமம். பூமிக்கு அருகே சூரியக் காற்றில் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். அயனி மண்டலத்தில் பல மெகாஹெர்ட்ஸ். லைகோ கேட்கும் அதிர்வெண்களில் பிறக்கும் எந்த மின்காந்த அலைக்கும் இத்தனை கதவுகளும் சாத்தியே கிடக்கின்றன.

மிஞ்சும் ஒரு வழி

பிளாஸ்மா மறித்தது வெற்றிடத்தில் ஓடும் சாதாரண மின்காந்த அலையை மட்டும்தான். வலுவான காந்தப்புலம் கொண்ட பிளாஸ்மாவில் வேறொரு அலை உண்டு: புலக்கோடுகளையும் பிளாஸ்மாவையும் சேர்த்தே அழுத்தி விரித்துச் செல்லும் காந்த ஒலி அலை. பிளாஸ்மா எல்லைக்கு எவ்வளவு கீழே இருந்தாலும் இது ஓடும். புலத்தின் ஆற்றல் பிளாஸ்மாவின் நிறை ஆற்றலைவிட மிக அதிகமானால் இதன் வேகம் ஒளிவேகத்தை நெருங்கும். அப்போது ஈர்ப்பு அலையோடு சேர்ந்து ஓடி அதன் ஆற்றலை வாங்கிக்கொள்ள முடியும். வாங்கிய ஆற்றலைத் துகள்களுக்குக் கொடுத்து, அந்தத் துகள்கள் உயர் அதிர்வெண்ணில் கதிர் வீசுவது இரண்டாம் கட்டம். ஈர்ப்பு அலையிலிருந்து வானொலி அலை வரை போகும் இத்தகைய பாதையை மார்க்லண்ட், பிராடின், டன்ஸ்பி மூவரும் 2000-இல் கணக்கிட்டார்கள். அடிப்படைக் கருத்து வலுவானது என்றே நாங்கள் கருதுகிறோம். ஆனால் இதற்கு நியூட்ரான் விண்மீன் ஒன்றாவது இருக்க வேண்டும். புலத்தைத் தருவது அதுதான்.

இந்த வழியில் சறுக்கும் இடம் வேகம். இரு அலைகளும் அரை அலைநீளம் பிரிந்துவிட்டால், அதுவரை சேர்த்ததை அடுத்த பகுதி அழிக்கத் தொடங்கும். 200 ஹெர்ட்ஸில் அலைநீளம் 1500 கிலோமீட்டர். காந்த ஒலி அலையின் வேகம் ஒளிவேகத்தில் பாதியென்றால் 750 கிலோமீட்டரிலேயே ஒத்திசைவு முடிந்துவிடும். 0.9 பங்கு என்றால் 6750 கிலோமீட்டர். 0.99 என்றால் 74,000 கிலோமீட்டர். அடர்த்தி சற்றுக் கூடினாலும் வேகம் இறங்கும், மாற்றமும் சரியும். வேகத்தை ஒளிவேகம் என்றே எழுதிவிட்டுப் புலம் நீளும் தூரம் முழுவதையும் சமன்பாட்டில் போடுவதுதான் இங்கே வழக்கமாக நேரும் பிழை. இந்த வழிக்கும் காந்தப்புலம் × நீளம் என்ற தேவை அப்படியே நிற்பதால், ஜிடபிள்யூ150914-க்கு இது கைகொடுக்கவில்லை.

2017 ஆகஸ்ட் 17-இல் வந்த ஜிடபிள்யூ170817 இதற்கு நல்ல எதிர்ச்சான்று. இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்து 1.7 விநாடி கழித்துக் காமா வெடிப்பு வந்தது. அதை உருவாக்கியது பீய்ச்சியடித்த பொருள். ஈர்ப்பு அலையின் நேரடி மாற்றம் அல்ல. ஆனாலும் அந்த 1.7 விநாடி நம் கணக்குக்கு ஓர் அடித்தளம் தந்தது. 13 கோடி ஆண்டு ஓடியும் இவ்வளவுதான் பிந்தியது என்பதால், ஈர்ப்பு அலையின் வேகமும் ஒளியின் வேகமும் 10¹⁵-இல் சில பங்குக்கு மேல் வேறுபடவில்லை என்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அதிர்வெண்ணுக்கு இதைப் போட்டால், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் அரை அலைநீளப் பிரிவு வரக்கூடும். ஆய்வகக் காந்தத்தில் இரண்டும் ஒரே வேகம் என்று எடுத்துக்கொள்வதில் ஆபத்தில்லை.

வானத்தில் பெரிய காந்தம் இருந்தும்

நீளம்தான் வர்க்கத்தில் வருகிறதே, பால்வீதியின் காந்தப்புலத்தை எடுத்துக்கொண்டால் என்ன? 5 × 10⁻¹⁰ டெஸ்லா என்ற மெல்லிய புலம், ஆனால் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளம். 1 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்மா இந்த அதிர்வெண்ணை மறிக்காது. ஆனால் அதன் கட்ட வேகத்தை, அதாவது அலைமுகடுகள் நகரும் வேகத்தை, துளி மாற்றிவிடும். 0.03 எலக்ட்ரான் அடர்த்தியில் 12 கோடி கிலோமீட்டருக்குள் ஒத்திசைவு முறிகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. காந்தப்புலம் × நீளம் வெறும் 62 டெஸ்லா மீட்டர். செர்ன் ஆய்வகத்தில் காஸ்ட் சோதனை பயன்படுத்திய ஒற்றைக் காந்தம், 9 டெஸ்லா, 9.26 மீட்டர், 83 டெஸ்லா மீட்டர் தருகிறது! ஒரு வண்டிப்பெட்டி நீளக் காந்தத்துக்கு ஒரு விண்மீன் மண்டலத்தின் புலம் ஈடுகொடுக்க முடியாமல் போவது பிளாஸ்மா ஒன்றால்தான்.

பல்சாரில் தடை வேறு உருவில் வருகிறது. 10⁸ டெஸ்லா, 10 கிலோமீட்டர் என்று நேரே போட்டால் மாறும் பங்கு 8 × 10⁻¹⁴ வரும். ஆனால் அவ்வளவு வலுவான புலத்தில் வெற்றிடமே கண்ணாடிபோல நடந்துகொள்ளும். ஒளியின் வேகம் பத்து கோடியில் ஒன்பது பங்கு அளவுக்குக் குறையும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு ஒத்திசைவு நீளம் 3 மீட்டர்கூட இல்லை. மாறும் பங்கு கோடி மடங்குக்கு மேல் சரிந்து 10⁻²¹ அளவில் நிற்கும்.

ஆய்வகக் காந்தத்தில் இதைத் தேடினால்

ஆக்சியான் போன்ற, கோட்பாடு சொல்லியும் இதுவரை காணப்படாத துகள்களைத் தேடக் கட்டிய கருவிகளே இதற்கும் உதவுகின்றன. பலமான காந்தம், இருட்டான குழாய், முனையில் ஒளித்துகள் எண்ணி. சில சோதனைகளில் லேசரை ஒரு சுவரில் பாய்ச்சி, சுவருக்கு அப்பால் ஒளி தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள். சுவரில் லேசர் நின்றுவிடும். ஈர்ப்பு அலை சுவரைக் கவனிக்காமல் கடந்துபோகும். செர்னின் ஆஸ்கார் சோதனையில் எல்எச்சி துகள் மோதுவிக்காகச் செய்த காந்தம்: 9 டெஸ்லா, 14.3 மீட்டர், மாறும் பங்கு 1.4 × 10⁻³³. ஹாம்பர்க்கில் டேசி ஆய்வகத்தின் முதல் ஆல்ப்ஸ் சோதனை: 5 டெஸ்லா, 8.8 மீட்டர், 1.6 × 10⁻³⁴. இவற்றின் பழைய பதிவுகளை ஈர்ப்பு அலைக் கண்ணோட்டத்தில் திரும்பப் படித்த 2019 ஆய்வு ஒன்று, ஒளி அதிர்வெண்களில் 6 × 10⁻²⁶ வரையும், காஸ்ட்டின் எக்ஸ் கதிர்ப் பட்டையில் 5 × 10⁻²⁸ வரையும் வீச்சுக்கு வரம்பு வைத்தது.

லைகோவின் 10⁻²¹-ஐவிட இது சிறிய எண் என்பதால் அதிக நுட்பமானது என்று எழுதுபவர்கள் உண்டு. அது பெரிய பிழை. ஈர்ப்பு அலை சுமக்கும் திறன் வீச்சின் வர்க்கத்தோடு அதிர்வெண்ணின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஜிடபிள்யூ150914 உச்சத்தில் பூமியின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 10 மில்லிவாட் அளவில் பாய்ந்தது; பௌர்ணமி நிலவொளியைவிட அதிகம், நமக்குத்தான் தெரியவில்லை. 5 × 10¹⁴ ஹெர்ட்ஸில் 6 × 10⁻²⁶ வீச்சு என்றால் சதுர மீட்டருக்கு 3 × 10¹⁴ வாட்! நண்பகல் வெயிலைப் போல இருபதாயிரம் கோடி மடங்கு.

அவ்வளவு பாய்ந்தாலும் கருவிக்குக் கிடைப்பது என்ன? குழாயின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு ஆஸ்கார் எண்களைப் பெருக்கினால் 5 × 10⁻²² வாட். ஓர் ஒளித்துகளின் ஆற்றல் 3.3 × 10⁻¹⁹ ஜூல். அதாவது பதினோரு நிமிடத்துக்கு ஓர் ஒளித்துகள். பெருவெடிப்பின் மிச்சக் கதிர்வீச்சு கன மீட்டருக்கு 4.2 × 10⁻¹⁴ ஜூல் சுமக்கிறது. இந்த வரம்பு அனுமதிக்கும் ஈர்ப்பு அலை அதைவிட 10¹⁹ மடங்கு கனமானது. பிரபஞ்சத் தொடக்கத்திலிருந்து வரும் ஈர்ப்பு அலைகளைத் தேடுவோருக்கு வீச்சில் இன்னும் பத்து கோடியின் நூறு மடங்கு, அதாவது 10¹⁰ இறங்க வேண்டியிருக்கிறது.

கருவியைத் தயாரிக்கும்போது கெடுப்பவை சில. குழாயில் காற்று இருக்கக் கூடாது: சாதாரணக் காற்றழுத்தத்தில் 532 நானோமீட்டர் ஒளிக்கு ஒத்திசைவு 1 மில்லிமீட்டரில் முடியும், 14.3 மீட்டர் காந்தம் 1 மில்லிமீட்டர் காந்தமாகிவிடும். 10⁻⁶ மில்லிபாரில் பிசகு கோணம் ஒரு ரேடியனில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான், தாராளமாகப் போதும். நுண்ணலையில் தேட நினைத்தால் குழாயின் விட்டம் குறுக்கே வரும்: காஸ்ட்டின் 43 மில்லிமீட்டர் குழாய் சுமார் 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது, அதற்குச் சற்று மேலும் கட்ட வேகம் ஒளிவேகத்தைவிட மிகுந்து ஒத்திசைவைக் கெடுக்கும். லைகோ அதிர்வெண்களை இந்தச் சமன்பாட்டில் போடவே கூடாது. 1500 கிலோமீட்டர் அலைக்கு 14 மீட்டர் காந்தம் ஒரு புள்ளி.

2023-இல் ஓடத் தொடங்கிய ஆல்ப்ஸ் 2-இல் ஒவ்வொரு பக்கமும் 12 காந்தங்கள், 5.3 டெஸ்லா, 106 மீட்டர். மாறும் பங்கு 2.6 × 10⁻³², ஆஸ்காரைப் போல இருபது மடங்கு. ஆனால் அதன் ஆடிகள் 1064 நானோமீட்டரைச் சுற்றி மிகக் குறுகிய பட்டையை மட்டும் பெருக்கும். ஈர்ப்பு அலை எந்த அதிர்வெண்ணில் வரும் என்று அவற்றுக்குத் தெரியாது. லேசரின் கட்டத்தோடு (அலை ஏறி இறங்கும் நிலையோடு) ஒப்பிட்டு எண்ணும் அதன் முதல் கண்டறியும் முறையும், தனக்கென ஒரு கட்டத்தோடு வரும் விருந்தாளியைக் கணக்கில் சேர்க்காது. இந்தத் தேடலுக்கு ஆடிகளைக் கழற்றிவிட்டு, பரந்த பட்டையில் ஒற்றை ஒளித்துகளை எண்ணும் மீகடத்திக் கண்டறிவியை முனையில் வைக்க வேண்டும்.